படுக்கை வசதி யாருக்கு? நாயுடுபேட்டை வழிச்செல்லும் நெடுந்தொலைவு இரயில்கள்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், ஏறத்தாழ 110 கிலோ மீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர் நாயுடுபேட்டை. நெல்லூர் மாவட்டத்தில் இருந்துவந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் புதிதாக அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தலைநகர் டெல்லிக்கும், கல்கத்தாவை அடுத்த ஹௌராவுக்கும், வடகிழக்கு மாநிலங்களுக்கும் சென்னையிலிருந்து புறப்படும் வண்டிகளில் மிகப் பல இவ்வூரைக் கடந்தே செல்கின்றன. ஆனால் அவற்றில் நெடுந்தொலைவு விரைந்து செல்பவை பெரும்பாலும் இங்கு நிற்பதில்லை.

இந்த ஒரே செய்தியில் இந்திய இரயில்வேயின் பயணிகள் போக்குவரத்தைப் பற்றிய முக்கியமான கேள்வி ஒன்று அடங்கியுள்ளது. ஒரு வண்டியில் உள்ள படுக்கைகள் எத்தனை? அவற்றை யார் பெறுகிறார்கள்? எந்த விலையில் பெறுகிறார்கள்? பெறாதவர்கள் எவ்வாறு பயணம் செய்கிறார்கள்? கண்ணுக்கு இனிய காட்சிகளைக் காணப் புறப்படும் சுற்றுலாப் பயணிக்கும், பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளிக்கும் வண்டி ஒன்றே; இரவு மட்டும் வேறுவேறாக அமைகிறது. இக்கட்டுரை அந்த வேறுபாட்டின் காரணங்களை ஆராய்கிறது.

கால்வாயும் இருப்புப் பாதையும்

இப்பகுதியின் நெடுந்தொலைவுப் போக்குவரத்து நீரில் தொடங்கியது. 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே எண்ணூரை நோக்கி வெட்டப்பட்ட கால்வாய், படிப்படியாக நீட்டிக்கப்பட்டு, பழவேற்காடு ஏரி வழியாகக் கிருஷ்ணா, கோதாவரி கால்வாய்களுடன் இணைந்தது. 1877-78-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவின் விறகு படகுகளில் சென்னைக்கு வந்து அடுப்புகளில் எரிந்த காலம் அது.

1899-ஆம் ஆண்டில் விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் அகலப் பாதை நிறைவுற்றது. விஜயவாடாவிலிருந்து கட்டாக் வரையிலான பாதை அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1893-க்கும் 1896-க்கும் இடையில், திறக்கப்பட்டிருந்தது. இராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கும் முதல் இருப்புப் பாதைப் பாலம் 1900-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வாறு கிழக்குக் கடற்கரை முழுவதும் ஒரே தடமாக இணைந்ததும் கால்வாயின் வருவாய் தேயத் தொடங்கியது. நாள்கணக்கில் நீண்ட படகுப் பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. 1980-க்குள் விஜயவாடா - சென்னைப் பாதை முழுவதும் மின்மயமாயிற்று.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. படகில் சென்றவன் இரவு வந்ததும் படகிலேயே படுத்து உறங்கினான். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இரயில் வேகத்தைக் கொடுத்தது. ஆனால் சாமானியப் பயணிக்கு உறக்கத்தைக் கொடுக்க அதற்கு மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

சன்னல் வழியே தெரியும் நாடு

சென்னை - ஹௌரா தடத்தின் நீளம் ஏறத்தாழ 1,660 கிலோ மீட்டர். இத்தடத்தில் 1977 மார்ச் 6-ஆம் நாள் அறிமுகமான கோரமண்டல் விரைவு வண்டி, இத்தொலைவை ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் கொண்டு கடக்கிறது. காட்சி வளம் மிக்க இந்தியப் பயணங்களில் இது ஒன்று. மலை இரயில்களைப் போல ஒரே காட்சியை நம்பி நிற்காமல், கிழக்குக் கடற்கரையின் முழுப் பொருளாதாரத்தையும் இது பயணியின் கண்முன் விரிக்கிறது.

எண்ணூரின் அனல் மின் நிலையங்களும், மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியின் நெல் வயல்களும், கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளும் முதல் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து, தடா நிலையம் வருகிறது. வலப்புறம், கிழக்கே, பழவேற்காடு ஏரியின் பரப்பு தொடங்குகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுவே. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டா. அங்கிருந்து முதல் ஏவுகலம் 1971 அக்டோபரில் விண்ணில் செலுத்தப்பட்டது. அதற்கான இரயில் நிலையம் சூலூர்பேட்டை. அடுத்து வரும் தொரவாரி சத்திரத்தை ஒட்டிய நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. அதன்பின் வருவது நாயுடுபேட்டை. அதற்கும் அப்பால் கூடூர் சந்திப்பு.

கூடூரைக் கடந்ததும் நெல்லூரில் பெண்ணையாறு, விஜயவாடாவில் கிருஷ்ணை, இராஜமுந்திரியில் கோதாவரி என மூன்று பேராறுகள் வருகின்றன. கோதாவரியின் மீது 1974-இல் திறக்கப்பட்ட சாலை - இரயில் பாலத்தின் இருப்புப் பாதைப் பகுதி இரண்டரைக் கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. அதனருகே கற்காரை வில்களால் அமைந்த மூன்றாவது பாலம் 1997-இல் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வாண்டில் முதற் பாலம் ஓய்வு பெற்றது. வடக்கே செல்லச் செல்லக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் பாதையை நெருங்கி வருகின்றன. ஒடிசாவில் ரம்பாவுக்கும் பாலுகாவுக்கும் இடையே ஒருபுறம் மலையும் மறுபுறம் சிலிக்கா ஏரியும் அமைய, வண்டி நீரின் ஓரமாகவே செல்கிறது.

இக்காட்சிகளில் எது கிடைக்கும் என்பதைப் புறப்படும் நேரமே முடிவு செய்கிறது. காலையில் சென்னையை விட்டுச் செல்லும் வண்டியில் பழவேற்காட்டையும் கிருஷ்ணையையும் கோதாவரியையும் பகலிலேயே காணலாம். சிலிக்காவை அடையும்போது நள்ளிரவு கடந்துவிடும். மாலையில் புறப்படும் வண்டியில் கோதாவரி விடியற்காலை இருளில் கழிந்துவிடும். சிலிக்கா மறுநாள் நண்பகலை ஒட்டி வரும். இரண்டையும் காண விரும்புவோர் போகும்போது ஒரு வண்டியும் திரும்பும்போது மற்றொரு வண்டியும் தேர்ந்துகொள்ளலாம், அல்லது விசாகப்பட்டினத்தில் ஓர் இரவு தங்கிச் செல்லலாம்.

படுக்கையின் வரலாறு

உறங்கிச் செல்லும் வண்டி என்னும் கருத்து மேலை நாடுகளில் செல்வர்க்கென எழுந்தது. அமெரிக்காவில் புல்மன் 1860-களில் அமைத்த படுக்கைப் பெட்டிகளும், ஐரோப்பாவில் 1883-இல் தொடங்கிய ஓரியண்ட் விரைவு வண்டியும் அதன் புகழ்பெற்ற வடிவங்கள். இந்தியாவிலும் முதல் வகுப்பில் செல்வோர்க்கே படுக்கையும் தனி அறையும் கிடைத்தன. மூன்றாம் வகுப்புப் பயணிக்குக் கிடைத்தது மரப்பலகை. அதிலும் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. காந்தியடிகள் அவ்வகுப்பிலேயே பயணம் செய்து, அங்குக் கண்ட நெரிசலையும் அசுத்தத்தையும் 1917-இல் எழுதி வெளியிட்டார். மங்களூரையும் பெஷாவரையும் இணைத்து 1929-இல் தொடங்கப்பட்ட கிராண்டு டிரங்கு விரைவு வண்டி தொடக்கத்தில் நான்கு நாள்களுக்கும் மேல் ஓடியது. அத்தனை இரவுகளையும் பலகையில் அமர்ந்தே கழித்தவர்கள் பலர்.

மூன்றாம் வகுப்பில் படுத்துச் செல்லும் வசதி விடுதலைக்குப் பின்னர், 1950-களில் தொடங்கியது. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூரில் திறக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, எஃகுப் பெட்டிகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் இவ்வசதி பரவ வழி பிறந்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் மறைந்து, அது இரண்டாம் வகுப்பாயிற்று. 1977 முதல் 1979 வரை இரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின் மீது இரண்டு அங்குலப் பஞ்சுறை அமைக்கச் செய்தார். 1977 டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே வகுப்பு வேறுபாடற்ற கீதாஞ்சலி விரைவு வண்டியையும் தொடங்கி வைத்தார்.

இரண்டு அங்குலப் பஞ்சு என்பது சிறிய செலவு. ஆனால் அது ஒரு கொள்கையின் அறிகுறி. உறக்கம் என்பது மேல் வகுப்பினர் விலை கொடுத்துப் பெறும் சலுகை அன்று. நெடுந்தொலைவுப் பயணத்தின் அடிப்படைத் தேவை என்பதே அக்கொள்கை. அதன்பின் 1986-இல் டெல்லியில் முழுவீச்சில் தொடங்கிய கணினி முன்பதிவும், 2002-இல் வந்த இணைய வழிச் சீட்டும் படுக்கையைப் பெறும் முறையை மாற்றின. 1990-களில் வந்த குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டி நடுத்தர வகுப்பினரின் விருப்பத்தை மாற்றியது.

அறையும் அடுக்கும்

இன்று நெடுந்தொலைவு வண்டியில் தாளிட்டுக்கொள்ளத்தக்க தனி அறை குளிர்சாதன முதல் வகுப்பில் கிடைக்கிறது. நான்கு படுக்கைகள் உள்ளது அறை. இரண்டு படுக்கைகள் மட்டும் உள்ளது கூப்பே. எந்த அறை, எந்தக் கூப்பே என்பது பெரும்பாலும் பயணப் பட்டியல் தயாராகும்போதே தெரியவரும். இரண்டடுக்கில் கதவுக்குப் பதிலாகத் திரை. மூன்றடுக்கிலும், குளிர்சாதனமற்ற படுக்கை வகுப்பிலும் திரையும் இல்லை. படுக்கை வகுப்பில் விரிப்பும் போர்வையும் கட்டணத்தில் அடங்குவதில்லை. மாறாக, அங்குச் சன்னலைத் திறந்துகொள்ளலாம். பழவேற்காட்டின் உப்புக் காற்று உள்ளே வரும். காட்சியை மட்டும் கருதினால், நிறம் பூசிய கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரைவிட இவரே பேறு பெற்றவர் எனலாம்.

மூன்றடுக்குப் பெட்டியில் நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே விரிக்கலாம் என்பது விதி. பகலில் மூவர் அமரும் இருக்கையே இரவில் மூவர் படுக்கும் மூன்று தட்டுகளாகிறது. ஒரே இடத்தைப் பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்படுத்தும் இச்சிக்கனமே குறைந்த கட்டணத்தில் உறக்கத்தை வழங்க வழி செய்தது.

கணக்கை நோக்குவோம். பழைய வகைப் படுக்கைப் பெட்டியில், எட்டுப் படுக்கைகள் கொண்ட ஒன்பது பகுதிகளாக, 72 படுக்கைகள் இருந்தன. 2018-இல் பெரம்பூர் தொழிற்சாலை பழைய வகைப் பெட்டிகளைச் செய்வதை நிறுத்தியது. அதன் இடத்தைப் பெற்றுவரும் செருமானிய வடிவமைப்பிலான நீண்ட பெட்டியில் பத்துப் பகுதிகள், 80 படுக்கைகள். அதே வகைக் குளிர்சாதன மூன்றடுக்கில் 72. முதல் வகுப்பில் 24 மட்டுமே. ஆக, ஒரு பெட்டியின் நீளத்தில் 80 பேர் உறங்கலாம். அல்லது கதவுகள் அமைத்து 24 பேர் உறங்கலாம்.

நெடுந்தொலைவு விரைவு வண்டிகளில் குளிர்சாதன மூன்றடுக்கின் கட்டணம் படுக்கை வகுப்பின் கட்டணத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு; முதல் வகுப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு. படுக்கை வகுப்பின் கட்டணத்தை ஓர் அலகு எனக் கொண்டால், பெட்டி நிறைந்து செல்லும்போது படுக்கை வகுப்பு ஈட்டுவது 80 அலகு, முதல் வகுப்பு 144 அலகு, குளிர்சாதன மூன்றடுக்கு 180 அலகு. குளிர்சாதனத்துக்கும் விரிப்புக்கும் ஆகும் கூடுதல் செலவைக் கழித்த பின்னும், மூன்றடுக்கே முன்னணியில் நிற்கும். செல்வர்க்குரியதெனக் கருதப்படும் தனி அறைகூட ஈட்டலில் அதற்கு அடுத்த இடத்தையே பெறுகிறது.

இந்தக் கணக்கிலிருந்தே ஓர் இயல்பான போக்கு பிறக்கிறது. வண்டியின் மொத்தப் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு நடைமேடையின் நீளமும் இழுவைத் திறனும் வரம்பு கட்டுகின்றன. அவ்வரம்புக்குள் ஒரு குளிர்சாதனப் பெட்டி கூடினால் ஒரு சாதாரணப் பெட்டி குறைந்தாக வேண்டும். வருவாயை மட்டும் நோக்கும் நிருவாகம் படுக்கை வகுப்பைக் குறைத்து மூன்றடுக்கைக் கூட்டவே முற்படும். பல வண்டிகளில் அவ்வாறே நிகழ்ந்தது. படுக்கை கிடைக்காதவர் முன்பதிவற்ற பெட்டிக்குச் சென்றனர், அல்லது காத்திருப்போர் சீட்டுடன் படுக்கைப் பெட்டியின் நடைவழியில் அமர்ந்தனர்.

கட்டணமும் செலவும்

நிருவாகத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-23-ஆம் ஆண்டில் பயணிகளுக்கு அளிக்கப்பட்ட மொத்தச் சலுகை 56,993 கோடி ரூபாய் என்றும், சராசரியாக ஒவ்வொரு பயணிக்கும் செலவில் 46 சதவிகிதம் சலுகையாக அமைகிறது என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதாவது, பயணத்துக்கு 100 ரூபாய் செலவானால் பயணியிடமிருந்து பெறப்படுவது 54 ரூபாய். எஞ்சியதைப் பெரும்பாலும் சரக்குப் போக்குவரத்தின் மிகுவருவாய் ஈடுசெய்கிறது.

இவ்வேற்பாட்டின் சுமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விழுகிறது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உணவுத் தானியத்துக்கும் கூடுதலாக விதிக்கப்படும் சரக்குக் கட்டணம், மின்சாரத்தின் விலையாகவும் வீட்டின் விலையாகவும் அதே ஏழை மக்களிடம் திரும்பி வருகிறது. மேலும், அதிகக் கட்டணம் காரணமாகச் சரக்கு சாலைக்கு மாறினால், பயணிகளுக்கு உதவும் ஊற்றே வற்றிவிடும். ஆகவே கட்டணத்தை ஒருபோதும் உயர்த்தலாகாது என்பது பொருளாதார வாதம் ஆகாது.

ஆனால் எவ்வளவு உயர்த்துவது, யாரிடம் என்பதே கேள்வி. 2025 ஜூலையில் விரைவு வண்டிகளின் குளிர்சாதனமற்ற வகுப்புகளில் கிலோ மீட்டருக்கு 1 காசும், குளிர்சாதன வகுப்புகளில் 2 காசும் உயர்த்தப்பட்டன. ஹௌரா வரை செல்லும் படுக்கை வகுப்புப் பயணிக்கு அதனால் கூடிய செலவு 17 ரூபாய்க்கும் குறைவே. ஆனால் படுக்கை வகுப்பே இல்லாமற் போய், குளிர்சாதன மூன்றடுக்குக்கு அவர் தள்ளப்பட்டால், கூடுவது கட்டணத்தின் ஒன்றரை மடங்கு. காசு அளவில் அறிவிக்கப்படும் உயர்வைவிட, பெட்டிகளின் அமைப்பில் ஓசையின்றி நிகழும் மாற்றமே ஏழையின் பயணத்தை மிகுதியாகப் பாதிக்கிறது. முன்னது செய்தித்தாளில் வருகிறது, பின்னது வருவதில்லை.

நிற்காத வண்டிகளும் நிற்கும் மக்களும்

நாயுடுபேட்டையின் நிலைக்குத் திரும்புவோம். தடாவை ஒட்டி 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டித் தொழில் நகரமும், நாயுடுபேட்டையை அடுத்த மேனகூரு சிறப்புப் பொருளாதார மண்டலமும் இப்பகுதியின் தோற்றத்தை மாற்றியுள்ளன. ஒடிசா, மேற்கு வங்காளம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் இங்கு வந்து பணிபுரிகின்றனர். அவர்களின் ஊருக்குச் செல்லும் வண்டிகள் அவர்கள் தங்கியிருக்கும் இடத்தின் அருகிலேயே கடந்து செல்கின்றன. ஏற வேண்டுமானால், ஏறத்தாழ 30 கிலோ மீட்டர் வடக்கே உள்ள கூடூருக்கோ, 110 கிலோ மீட்டர் தெற்கே உள்ள சென்னைக்கோ செல்ல வேண்டும். மெமு வண்டிகளும் சில விரைவு வண்டிகளும் அதற்கு உதவுகின்றன.

ஒவ்வொரு நிலையத்திலும் எல்லா வண்டியும் நிற்க இயலாது என்பது உண்மை. ஒவ்வொரு நிறுத்தமும் வேகம் குறைத்து மீண்டும் எடுப்பதற்கான நேரத்தையும் மின்சாரத்தையும் கொள்கிறது. பின்வரும் வண்டிகளையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் நிறுத்தத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது படுக்கை ஒதுக்கீட்டு முறை.

ஒரு வண்டியின் படுக்கைகளில் பெரும்பகுதி, அது புறப்படும் நிலையத்திலிருந்து சேரும் நிலையம் வரை செல்வோர்க்கெனப் பொது ஒதுக்கீட்டில் வைக்கப்படுகிறது. இடைப்பட்ட முக்கிய நிலையங்களுக்குத் தனி ஒதுக்கீடு சிறிதளவே உண்டு. எஞ்சிய இடை நிலையங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுத் தொகுப்பு உள்ளது. படுக்கை ஒன்று முழுத் தொலைவுக்கும் விற்றால் வருவாய் மிகுதி. இடையில் ஏறி இடையில் இறங்குபவர்க்கு விற்றால், எஞ்சிய தொலைவு காலியாகச் செல்லக்கூடும். ஆகவே முனையத்தில் ஏறுபவர்க்கு முன்னுரிமை கிடைக்கிறது. அதே தொலைவு பயணம் செய்தாலும், இடை நிலையத்தில் ஏறுபவரின் காத்திருப்போர் சீட்டு உறுதியாகும் வாய்ப்பு மிகவும் குறைவு.

இதை அறிந்த பயணிகள், கூடூரில் ஏற இருந்தாலும் சென்னையிலிருந்தே சீட்டுப் பெற்று, ஏறும் நிலையத்தை மட்டும் கூடூர் எனக் குறிப்பிடுவது உண்டு. கட்டணம் சற்றுக் கூடினாலும் படுக்கை உறுதியாகிறது. ஆனால் இவ்வழி அறுபது நாள்களுக்கு முன்பே பயணத்தை முடிவு செய்யக்கூடியவர்க்கே உரியது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நாட்கூலிக்கு உழைப்பவர்க்கு அறுபது நாளும் நெடிய காலமே. ஊரில் தாய் நோயுற்றாள் என்னும் செய்தி அறுபது நாள் முன்கூட்டி வருவதில்லை.

பெயர்ப் பட்டியலில் இடம்

முன்பதிவு தருவது படுக்கை மட்டுமன்று. அது பயணியின் பெயரை ஒரு பட்டியலில் பதிவு செய்கிறது. இதன் பொருள் 2023-இல் நாட்டுக்குத் தெளிவாயிற்று. அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் மாலை, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தில் கிளைப் பாதையில் திருப்பப்பட்டு, அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. எதிர்த் திசையில் சென்ற மற்றொரு விரைவு வண்டியும் விபத்தில் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சைகைக் கம்பி இணைப்பில் நேர்ந்த பிழைகளே காரணம் என விசாரணையில் கண்டறியப்பட்டது.

முன்பதிவற்ற பெட்டிகளில் வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உறவினர்கள் மருத்துவமனைகளில் உடல்களைத் தேடி அலைந்தனர். மரபணுச் சோதனை வரை சென்றும், 28 உடல்கள் உரிமை கோருவாரின்றி நான்கு மாதங்களுக்குப் பின்னர், 2023 அக்டோபரில், புவனேசுவரத்தில் தகனம் செய்யப்பட்டன. படுக்கை பெற்ற பயணிக்கு இரயில்வேயிடம் பெயர், வயது, தொலைபேசி எண் அனைத்தும் உண்டு. இணைய வழியில் சீட்டுப் பெறுபவர் ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் 10 இலட்சம் ரூபாய் வரையிலான விபத்துக் காப்புறுதியும் பெறலாம். சட்டப்படியான இழப்பீடு, 2017 முதல் 8 இலட்சம் ரூபாய், முறையான சீட்டுடன் பயணம் செய்த எவர்க்கும் உரியது. ஆனால் அதைக் கோருவதற்கு முதலில் இறந்தவர் இன்னார் என்று நிறுவ வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம்

இரவு வண்டிகளை வருவாய்க் கணக்கால் மட்டும் அளந்த நாடுகள் அவற்றைக் கைவிட்டன. செருமானிய இரயில்வே 2016 டிசம்பரில் தனது படுக்கை வண்டிகளை நிறுத்தியது. அவற்றில் ஒரு பகுதியை ஆஸ்திரிய இரயில்வே எடுத்து நடத்தியது. பின்னர் விமானப் பயணத்தின் சுற்றுச்சூழல் கேடு உணரப்பட்டபோது, அவ்வண்டிகளுக்கே மக்கள் ஆதரவு பெருகியது. சீனாவில் மென்படுக்கை, கடினப் படுக்கை என இரு வகைகள் உண்டு. அங்குக் கதவில்லாத மூன்றடுக்குக் கடினப் படுக்கையே பெருந்திரளான மக்களுக்கு உறக்கம் தந்துவந்துள்ளது. மலிவான படுக்கையை ஒழித்துவிட்டு மீண்டும் உருவாக்குவது கடினம் என்பதே இவற்றின் பாடம்.

செய்யத்தக்கவை

இந்தியாவிலும் சில நல்ல அறிகுறிகள் உள்ளன. 2023 டிசம்பர் 30-இல் தொடங்கிய அமிர்த பாரத் வண்டிகள், குளிர்சாதனமற்ற படுக்கைப் பெட்டிகளும் முன்பதிவற்ற பெட்டிகளும் மட்டுமே கொண்டு அமைக்கப்பட்டன. 2024-25, 2025-26 ஆகிய இரு ஆண்டுகளில் சுமார் 10,000 குளிர்சாதனமற்ற பெட்டிகளைச் செய்யும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இப்போக்கு நிலைபெற, பின்வருவன உதவும்.

முதலாவதாக, ஒவ்வொரு நெடுந்தொலைவு வண்டியிலும் இருக்க வேண்டிய குளிர்சாதனமற்ற படுக்கைகளின் குறைந்த அளவை வரையறுத்து அறிவிக்க வேண்டும். பெட்டி அமைப்பை மாற்றும்போது, கட்டண உயர்வைப் போலவே அதையும் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, தொழில் மண்டலங்கள் வளர்ந்துள்ள இடங்களின் அருகிலுள்ள நிலையங்களுக்கு, அங்கிருந்து எழும் உண்மையான தேவையைக் கணக்கிட்டு ஒதுக்கீட்டைத் திருத்த வேண்டும். கணினியில் பதிவாகும் காத்திருப்போர் பட்டியலே அத்தேவையை அளக்கும் கருவி. நாயுடுபேட்டையில் வண்டி நிற்காவிடினும், கூடூரில் போதிய படுக்கைகள் ஒதுக்கப்பட்டால் குறை பாதி நீங்கும்.

மூன்றாவதாக, முன்பதிவற்ற சீட்டுப் பெறும் நெடுந்தொலைவுப் பயணி விரும்பினால் தன் பெயரையும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்ய எளிய வழி வேண்டும். சீட்டுடன் காப்புறுதியும் அவர்க்குக் கிடைக்க வேண்டும்.

நான்காவதாக, பயணிகளுக்கான சலுகையை வகுப்பு வாரியாகக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். எந்த வகுப்பில் எவ்வளவு சலுகை செல்கிறது என்பது தெரிந்தால்தான், அது உரியவரைச் சேர்கிறதா என்பதை மக்கள் மதிப்பிட முடியும்.

கூப்பேயின் கதவைத் தாளிட்டுச் சிலிக்காவை எதிர்நோக்கி உறங்குவது இன்பமான அனுபவம். அதற்கு விலை கொடுக்க வல்லவர் கொடுக்கட்டும். ஆனால் மேனகூருவின் தொழிற்சாலையில் ஓராண்டு உழைத்து ஊருக்குத் திரும்புபவருக்கு அந்த இரவில் வேண்டுவது கால் நீட்டிப் படுக்க ஆறடி இடம். விபத்து நேர்ந்தால் தன் வீட்டாருக்குச் செய்தி சேரும் என்னும் உறுதி. இவ்விரண்டையும் தாங்கத்தக்க கட்டணத்தில் வழங்குவதே பொதுத்துறைப் போக்குவரத்தின் முதற் கடமை.